பாங்கு கேட்டபோது உருண்ட பந்து

1

இந்தக் கதை ஒரு வாக்குவாதத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பக்கக் கோட்டிலிருந்து கையால் த்ரோ-இன் எறிந்த பந்து யார் மேலும் படாமல் நேராகக் கோலுக்குள் போனால் அது கோலா? கோல்தான் என்று நான் அடித்துப் பேசினேன். இல்லையாம். மூக்குடைபட்டு வீட்டுக்கு வந்து விதிகளைப் படித்தேன். கார்னர் அடித்தது நேராக உள்ளே போனால் கோல். த்ரோ-இன் போனால் கோல் இல்லை. மறைமுக ஃப்ரீ கிக் என்றால் இன்னொருவர் தொட்டிருக்க வேண்டும். ஆட்டம் ஏதோ காரணத்தால் இடையில் நின்றால் நடுவர் பந்தைக் கையிலிருந்து கீழே விடுவார். அது மண்ணைத் தொட்டால்தான் ஆட்டம் மறுபடி உயிர் பெறும்.

கால்பந்து என்றால் வெறும் ஓட்டம் என்று இளப்பமாக நினைத்திருந்தவன் நான். பந்து வலைக்குள் போனால் மட்டும் போதாது, எப்படிப் புறப்பட்ட பந்து என்றும் கேட்கிறார்கள்.

2

முதல் தொடக்கம்: 'சைகோன் ஆற்றின் மேல் மாலை வெயில் பொன்னாக...' அடித்துவிட்டேன். நடுவராக நிற்கும் சேஷாசலம் ஆற்றைப் பார்க்கிற ஆள் இல்லை.

இரண்டாவது: '1964. போர் இன்னும் நகரத்துக்குள் வராத...' இதுவும் வேண்டாம். அன்று மைதானத்தில் நின்றவர்களுக்குப் போரைவிடப் பந்து பக்கத்தில் இருந்தது.

மூன்றாவது இப்படி. வருஷத்துக்கு ஒருமுறை வியட்நாமின் சைகோனில் காரைக்கால் ஜவுளிக்காரர்களும் புதுச்சேரிக் குமாஸ்தாக்களும் கால்பந்து ஆடுவார்கள். முன்னது முஸ்லிம் அணி, பின்னது கத்தோலிக்க அணி. இரண்டிலும் சேராத இந்து என்பதால் சேஷாசலம் நடுவர். பல வருஷமாக அவர்தான் ஊதுகிறார் என்றாலும் போன மாதம்தான் நடுவர் தேர்வில் தேறியிருந்தார், அந்த மிடுக்கும் கொஞ்சம் உண்டு.

காரைக்கால் அணியின் கோல்கீப்பர் சம்சுதீன். சேஷாசலம் இந்த ஊருக்குக் கப்பலில் வந்து இறங்கியபோது தன் கடை மாடியில் பாய் விரித்துக் கொடுத்தவர். சேஷாசலத்துக்கு அவர் 'நானா', கூடப் பிறக்காத அண்ணன். இப்போது கடையைக் கைமாற்றிவிட்டார். அடுத்த வாரம் ஊருக்குக் கப்பல். இனி வரமாட்டார்.

3

முதல் பாதியில் ஒன்று நடந்தது. காரைக்கால் அணி அடித்த மறைமுக ஃப்ரீ கிக் யாரையும் தொடாமல் நேராக வலைக்குள் போய்விட்டது. கோல் இல்லை என்றார் சேஷாசலம். ஜவுளிக்காரர்கள் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். சம்சுதீன் தன் கோலிலிருந்து நடந்து வந்து, "ரெஃப்ரி சொன்னா சொன்னதுதான். போங்க, போயி ஆடுங்க" என்று அவர்களை விலக்கினார். சேஷாசலத்துக்கு நெஞ்சு நிறைந்தது.

இரண்டாம் பாதி முடியப் போகிறது. இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு கோல். அப்போது பள்ளிவாசலிலிருந்து பிற்பகல் தொழுகைக்கு அழைக்கும் அஸர் பாங்கு கேட்டது.

[இங்கே வாசகரை நிறுத்தி ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பாங்கு கேட்டால் அந்த ஆட்டத்தில் எல்லோரும் அப்படியே நின்றுவிடுவார்கள், கத்தோலிக்கர்களும்தான். பாங்கின் மேல் விசில் ஊதுவது மரியாதை இல்லை என்று யாரோ எப்போதோ முடிவு செய்ததால் நடுவர் ஊத மாட்டார். விசிலை வாயிலிருந்து எடுத்துவிடுவார். பாங்கு முடிந்ததும் பந்தைக் கீழே விட்டு ஆட்டத்தைத் தொடங்குவார். எந்த விதிப் புத்தகத்திலும் இது இல்லை.]

சம்சுதீன் கையைக் கட்டித் தலை குனிந்தார். சேஷாசலத்தின் கை விசிலை இறக்கியது. அந்த வருஷம்தான் புதுச்சேரியிலிருந்து வந்த மிஷேல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தான். அவனிடம் யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை யார் சொல்வார்கள்? அவன் அடித்தான். பந்து சம்சுதீனின் காலடியைத் தாண்டி உருண்டு வலைக்குள் போனது.

4

பாங்கு முடிந்ததும் மிஷேல்தான் ஆரம்பித்தான், 'ஐயா' என்பதற்குப் பிரெஞ்சில் 'முசே' என்று.

"முசே, நீங்க விசில் ஊதலியே."

"ஊதல."

"அப்ப கோல்தானே? யாருமே எங்கிட்ட சொல்லல, முசே."

அவன் குரலில் திருட்டுத்தனம் துளியும் இல்லை. (அவனைக் கெட்டவனாக்கிப் பார்த்தேன். கதை சுலபமாகிவிட்டது. அதனால் திருப்பிவிட்டேன்.)

சம்சுதீன் சேஷாசலத்தின் அருகே வந்தார். "காலைல சட்டம் சொன்னே—"

[காலையில் இல்லை, முதல் பாதியில். கை தவறிவிட்டது.]

"அப்ப சட்டம் சொன்னே, ஒத்துக்கிட்டேன். இப்பவும் சட்டத்தையே சொல்லு, தம்பி. ஆனா பாங்குக்கு நின்னது என் தப்புன்னும் சேத்துச் சொல்லிடு. அதையும் கேட்டுட்டே கப்பல் ஏறுறேன்."

"நானா..." என்றார் சேஷாசலம். பார்வை வலைக்குள் கிடந்த பந்துக்குப் போனது.

5

நடுவர்களிடையே ஒரு தெளிவு உண்டு. ஆட்டத்தை நிறுத்துவது விசில் இல்லை, நடுவரின் முடிவு. விசில் அதைப் பிறருக்கு அறிவிக்கிறது, அவ்வளவுதான். ஆகவே கேள்வி ஒன்றே. விசிலை இறக்கியபோது, ஆட்டம் நின்றது என்று சேஷாசலம் தனக்குள் முடிவு செய்திருந்தாரா? அல்லது வருஷக்கணக்கான பழக்கத்தில் கை தானாக இறங்கியதா? முன்னது என்றால் கோல் இல்லை. பின்னது என்றால் கோல்.

அவரைப் படைத்தவன் நான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று முறை அவர் மனதுக்குள் போய்ப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் வேறு பதில் கிடைத்தது. ஆசைப்பட்ட பதிலைத்தான் எடுத்து வந்தேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது. அவருக்கும் அதே பயம்.

ஒரு முடிவு: அவர் நடுவட்டத்தைக் காட்டுகிறார், கோல். துறைமுகத்தில் சம்சுதீன் அவரோடு மரியாதையாகப் பேசுகிறார். தம்பி என்று மட்டும் அழைக்கவில்லை.

இன்னொரு முடிவு: பந்தை வாங்கிக் கீழே விடுகிறார், கோல் இல்லை. மிஷேல் ஆடி முடிக்கிறான். அந்த நடுவர் விசில் ஊதும் ஆட்டத்துக்கு அவன் பிறகு வருவதே இல்லை.

இரண்டையும் எழுதினேன். இரண்டிலும் சேஷாசலம் இரவு சாப்பிடவில்லை.

6

பந்து இன்னும் வலைக்குள்தான் கிடக்கிறது. சேஷாசலம் கையைத் தூக்க வேண்டும், நடுவட்டத்தை நோக்கியோ பந்தை நோக்கியோ. நான் தூக்க மாட்டேன். என்னளவுக்கே நீங்களும் அவர் பக்கத்தில் நின்றீர்கள். அவர் மனதில் ஆட்டம் நின்றிருந்ததா? நீங்களே சொல்லுங்கள்.

சொல்லும்போது சம்சுதீனின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். மிஷேலும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.