கேட்சர் அழுகிறானாம்

…அழுகிறானாம். கேட்சர் அழுகிறான், நீக்கவும், பிழை எண் நானூற்றுப் பதினேழு… புட்லூரில் ஏறியபோது கிடைத்த ஜன்னல் சீட்டு இது, மற்ற நாளாக இருந்தால் செவ்வாப்பேட்டை வருவதற்குள் தூங்கியிருப்பேன், இன்றைக்கு அந்த ஒரு வரி மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. நாங்கள் செய்கிற வீடியோ கேமில் பிழை என்று போன வாரம் அமெரிக்காவிலிருந்து வந்த பட்டியலில் மட்டும் நூறு இருந்தது, பார்த்து எல்லோரும் சிரித்தோம், அம்பயரின் கழுத்து முழுச் சுற்று சுற்றுகிறது, மட்டை தொடைக்குள் புகுந்து பின்பக்கம் வருகிறது, ஒருத்தன் உட்கார்ந்த நிலையிலேயே வழுக்கிக்கொண்டு மைதானத்தை விட்டுப் போகிறான், எல்லாவற்றையும் திருத்தியாயிற்று, இது ஒன்றுதான் பாக்கி. மூன்று நாளாக இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளுகிறேன். மத்தியானத்துக்குள் அனுப்பியே ஆக வேண்டும் என்று குணசுந்தரி மேடம் நேற்றுச் சொல்லிவிட்டார். அனுப்பத்தான் போகிறேன், என்ன பெரிய விஷயம், இருபத்தைந்து ஃப்ரேம், விரலால் ஒரு தட்டு… அது என் தம்பி ஜோஷ்வாவின் கை என்று அமெரிக்காக்காரனுக்கு யார் சொல்வது?

பேஸ்பால் மட்டையை நான் கையால் தொட்டது கிடையாது. என் தலையெழுத்து, அம்பத்தூரில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, எவனோ டிவி முன்னால் விளையாடப் போகிற பேஸ்பால் கேமுக்குள் ஆட்களை ஓடவிட்டு விழவிடுகிறேன். ஹோம் பிளேட் மோதல் பத்து விதமாக வேண்டும் என்று ஏப்ரலில் கேட்டார்கள். ஓடி வருபவன் தரையில் பதித்த ஒரு வெள்ளைப் பலகையைத் தொட வேண்டும், கேட்சர் பந்தோடு குறுக்கே நின்று மறிப்பான், இரண்டு பேரும் மோதி விழுவார்கள், அவ்வளவுதான். ஆட்களை நடிக்கவைத்துப் படம் எடுத்துப் பார்த்து அசைவு செய்யலாம் என்று ஆபீஸ் கேமராவைக் கொடுத்தார்கள். நடிக்க ஆள்? கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லில் வேலை பார்க்கிற என் தம்பி, எங்கள் ஊர்க் கபடி டீமில் எதற்கும் அசையாத பின்வரிசைக்காரன், அவனை விட்டால் யார்? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கபடி மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். தலையில் பைக் ஹெல்மெட், நெஞ்சில் அம்மாவின் தலையணை, கயிறு போட்டுக் கட்டினேன், “ஏன்டா, அவன் இடுப்ப ஒடச்சி வுட்டா நாளைக்கு யாருடா ஷிப்டுக்குப் போறது” என்று அம்மா பின்னாலேயே வந்து கத்தினாள். நான் ஓடி வந்து இடித்தேன், அவன் விழுந்தான், நான் கேமராவைப் பார்க்க ஓடினேன், சரியில்லை, மறுபடி. “இன்னாண்ணா, இன்னொரு தபாவா?” என்று சிரித்தான். எட்டாவது தடவையோ ஒன்பதாவதோ, சிரிப்பு நின்றது. ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான். “மில்லுல முடியலண்ணா. சூடு தாங்கல. உங்க ஆபீஸ்ல என்னியும் சேத்துக்குவாங்களா? கம்ப்யூட்டர் கத்துக்கறேன்.” நான் கேமராவின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “பார்க்கலாம்டா, மொதல்ல நீ ஒழுங்கா உழு” என்றேன்.

பட்டாபிராமில் ஏறிய கூட்டம் மடியில் பையை வைக்கிறது, வைக்கட்டும்… அதற்கடுத்த மோதல்தான் நன்றாக வந்தது. ஓங்கி இடித்தேன், அவன் மல்லாந்து விழுந்தான், நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேமராவுக்கு ஓடிவிட்டேன். பிறகு என்ன நடந்தது என்று டேப்பில்தான் பார்த்தேன். எழுந்து முட்டி போட்டு உட்கார்கிறான், ஹெல்மெட்டைக் கழற்றுகிறான், மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறான். கபடிக்காரன் புத்தி, களத்தில் இறங்கும்போதும் ஏறும்போதும் கை தானாக மண்ணுக்குப் போகும். அது நமக்கு ஆகாது தம்பி, மண்ணைக் கும்பிடாதே என்று போதகர் எத்தனை முறை சொன்னாலும் அவன் கை கேட்காது. பேஸ்பாலிலும் இப்படித்தான் செய்வார்களாக்கும் என்று நானும் அப்படியே வைத்துவிட்டேன், மடையன். அமெரிக்காவில் எவன் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறான், அவர்கள் பார்வைக்கு அது அழுகை.

ஜூலை பதினேழாம் தேதி காலை ஷிப்டுக்குப் போகும்போது கவரப்பேட்டையில் லாரி. எழுந்திருக்கவில்லை. திருவள்ளூர் பெரியாஸ்பத்திரியில் வெள்ளைத் துணியைத் தூக்கிக் காட்டினார்கள், நான் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன், அதில் கிரீஸ் இருந்தது. பிறகு டேப்பைத் தேடினேன், அதன்மேல் யாரோ மட்டை சுழற்றும் காட்சியை எடுத்துவிட்டிருந்தார்கள், யார்மேல் குற்றம், ஆபீஸ் டேப்தானே. போட்டோ இருக்கிறது, ஆனால் போட்டோ அசையாது. அவன் எழுந்து உட்கார்கிற விதம், இடது தோள் கொஞ்சம் முந்தி வருவது, அந்தக் கை… இப்போது அந்தக் கேமுக்குள் மட்டும்தான் இருக்கிறது. எத்தனை தடவை இடித்தாலும் எழுந்துவிடுகிறான். ஐந்து மாதமாக மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு இடித்து இடித்துப் பார்க்கிறேன், ஏசப்பா, நான் பைத்தியமா?

மூன்றாவது மாடி. கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டேன். எண்பத்தெட்டிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு வரை, அழித்தால் கை மண்ணிலிருந்து நேரே முட்டிக்குப் போய்விடும், யாருக்கும் தெரியாது. கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு அழிக்கலாம். இது நாள்வரை பக்கவாட்டிலிருந்துதான் பார்த்திருக்கிறேன், அன்றைக்குக் கேமரா அங்கேதான் இருந்தது. ஓடி வந்தவன் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறான், அதாவது நான் போகிறேன், அதை ஒருத்தனும் பிழை என்று எழுதவில்லை. திரையில் அந்த ஓடி வந்தவன் கழுத்தை மவுஸால் பிடித்துத் திருப்பினேன். அவன் கண் இருக்கும் இடத்தில் கேமின் பார்வைக் கோணத்தை வைத்து ஓடவிட்டேன்.

தம்பி எனக்கு நேர் எதிரே முட்டி போட்டிருந்தான். மண்ணைத் தொட்டான், கண்ணுக்குக் கொண்டுபோனான். ஒரு ஒற்று ஒற்றி எடுப்பதுதானே வழக்கம்? இவன் எடுக்கவில்லை, ஒரு நொடிக்குக் கிட்டக் கை கண்ணிலேயே இருக்கிறது, தோள் இரண்டு தடவை குலுங்குகிறது. விழுந்தவனுக்கு மூச்சு வாங்குகிறது என்று நினைத்து அந்தக் குலுக்கலை டேப்பைப் பார்த்துப் பார்த்து நான்தான் வைத்தேன்… மூச்சுதானா? மறுபடி ஓடவிட்டேன். மறுபடி. பார்க்கலாம்டா என்று நான் சொல்லி இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது அப்போது.

“தானியேல், அது முடிஞ்சிச்சா?” குணசுந்தரி மேடம் பின்னால் வந்து நின்றிருந்தார். விரல் பட்டன்மேல்தான் இருந்தது.

“பார்க்கலாம் மேடம்” என்றேன். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை என் காதில் விழுந்தது.