கால்சியத்தின் தலையில் விழுந்த பழி

மனித செல்களைத் தட்டில் வளர்ப்பது அவள் வேலை. பூச்சிமருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் 'செல்லுக்காரி' என்றே பெயர். கம்பெனியின் புது மருந்தை நரம்புச் செல்கள் மேல் சொட்டு விட்டுப் பார்த்தாள். அவ்வளவுதான், சுற்றியிருந்த திரவத்தின் கால்சியம் திறந்த வீட்டில் திருடன் நுழைவதுபோல உள்ளே பாய, செல்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. அதே மருந்தைத்தான் அவள் அண்ணன் கம்பெனியின் பசுமைக்குடிலில் தினமும் அடிக்கிறான். கொஞ்ச நாளாக அவன் கை வேறு நடுங்குகிறது. இந்தச் சோதனை ஒன்றுதான் அந்தத் தெளிப்பை நிறுத்தும் என்று மலைபோல நம்பியிருந்தாள்.

வெறுமனே சொன்னால் மேனேஜர் கேட்கிற ஆளா? கால்சியமே இல்லாத திரவத்தில் செல்களை வைத்து, அதே மருந்தை அதே அளவு விட்டாள். முக்கால்வாசி பிழைத்துக்கொண்டன. ஆக, மருந்து கால்சியத்தை ஏவிவிட்டுத்தான் கொல்கிறது, சந்தேகமே இல்லை. இரண்டு முடிவையும் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

முதல் முடிவைப் பார்த்து மேனேஜர் முகம் சுளித்தார். இரண்டாவதைப் பார்த்தாரோ இல்லையோ, முகத்தில் அப்படி ஒரு களை!

"நம்ம மருந்து மேல தப்பே இல்லம்மா. எல்லாம் இந்தக் கால்சியம் பண்ற வேலை."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். கால்சியம் இல்லாத மனுஷன் உலகத்தில் எங்கே சார் இருக்கிறான் என்று கேட்டாள். அதைக் கண்டுபிடிப்பது நம் டிபார்ட்மென்ட் இல்லை என்றார் அந்தப் புண்ணியவான். முதல் முடிவைக் குப்பைக்கூடைக்கு அனுப்பிவிட்டு, இரண்டாவதை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவரிடம் முட்டிக்கொள்வதைவிட அண்ணனையாவது வெளியே இழுத்துவிடலாம் என்று, வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போனாள்.

அண்ணன் அப்போதுதான் வந்திருந்தான். சட்டையில் மருந்து நெடி. இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்தும் தண்ணீர் தளும்பித் தரையில் சிந்தியது. நாளையிலிருந்து வேலைக்குப் போகாதே என்று கெஞ்சினாள். அவன் சிரித்தான். மத்தியானம் மேனேஜரே பசுமைக்குடில் வாசல்வரை வந்து, உள்ளே மட்டும் காலெடுத்து வைக்காமல், எல்லோரையும் கூப்பிட்டுப் பேசினாராம்.

"'உன் தங்கச்சியே டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டா, மருந்துல ஒண்ணும் இல்ல'ன்னு என்கிட்ட சொன்னாரு. நீ பாத்தா சரியாத்தானே இருக்கும்? அதான் இன்னிக்கு மாஸ்க் போடாமலே அடிச்சேன்."