மும்லா என்றால் என்ன?

பையனுக்கு இரண்டு கால்களிலும் கம்பிப் பட்டை போட்டிருந்தார்கள். அதன் மேல் ஏறுகிற ஷூ எங்கேயும் கிடைக்கவில்லை. அவன் அம்மா தையல்காரி. கடை கடையாக ஏறி இறங்கி அலுத்துப்போய், கடைசியில் தானே தைக்க உட்கார்ந்தாள். முன்பக்கம் முழுவதும் திறக்கிற மாதிரி, இரண்டு வெல்க்ரோ பட்டைகளோடு, மூன்றாவது முயற்சியில் ஒரு ஜோடி உருப்படியாக வந்தது. பையன் காலைப் பார்த்துக்கொண்டு, "மும்லா!" என்றான்.

எல்லாவற்றுக்கும் அவனிடம் அந்த ஒரு சொல்தான் இருந்தது. பசித்தால் மும்லா, விளக்கைப் போட்டால் மும்லா, வாசலில் அப்பாவின் வேன் சத்தம் கேட்டால் மும்லா. ஆறு வயதில், நெஞ்சில் சளி கட்டி, மூன்றே நாளில் போய்விட்டான்.

அவனோடு சிகிச்சைக்கு வந்த பிள்ளைகளின் அம்மாக்கள் அந்த ஷூவைக் கேட்டு வந்துகொண்டே இருந்தார்கள். முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சும்மா உட்கார்ந்தால் வீடே விழுங்க வந்தது. தைத்தாள். ஒவ்வொரு ஜோடியிலும் நூலால் 'மும்லா' என்று எழுதினாள். இரண்டே வருஷத்தில் ஒரு மெஷின் நான்காயிற்று.

ஒரு நாள் ஒரு வாடிக்கைக்காரி, "கடைத்தெருவுல இதே மாதிரி தச்சு 'மும்லா மாடல்'னு விக்கிறாங்க. வாங்கின வாரமே பிஞ்சிருச்சு, பிள்ளை விழுந்துட்டான்" என்றாள். மறுநாளே தையல்காரி தன் கணவரை இழுத்துக்கொண்டு, பெயரைப் பதிவு செய்து தரும் டிரேட்மார்க் ஏஜென்டிடம் போனாள்.

ஏஜென்ட் சின்ன வயதுப் பெண். வாய் ஓயாமல் பேசுகிறவள். "மொதல்ல இணையப் பேரை வாங்கிடுவோம்க்கா. அது முந்திக்கிட்டவங்களுக்குத்தான். என் பேர்லயே ஒண்ணு வாங்கலாம்னு போனேன், யாரோ ஒரு பல் டாக்டர் வச்சிருக்கார்! ஜனங்க தப்பா எழுதுற மாதிரியும் சிலதை வாங்கி வச்சுக்கணும். எப்படியெல்லாம் தப்பா சொல்வாங்க, யோசிச்சு சொல்லுங்க."

தையல்காரி யோசிக்கவே இல்லை. "உம்லா. மும்முலா. மும்ல."

பையனுக்குக் காய்ச்சல் கண்டால் உம்லா. கிச்சுக்கிச்சு மூட்டினால் மும்முலா. தூக்கம் சொக்கினால் கடைசி எழுத்து நீளாது. ஏஜென்ட் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, "எல்லாமே காலியா இருக்கு. அதிர்ஷ்டம்க்கா" என்றாள். கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது விண்ணப்பம். "இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்க்கா?"

தையல்காரி கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்லைன்னா ரொம்ப நல்லது. அர்த்தம் இருக்கிற சொல்லு ஊருக்கே பொது, சுலபமா விடமாட்டாங்க. நாமளா உண்டாக்கின சொல்லுக்குத்தான் பலம். 'எந்த மொழியிலும் பொருள் இல்லை'ன்னு போட்டுடறேன். தொழில்ல பங்குதாரர்னு நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்."

கணவர் எழுந்தார். "அப்படி எழுதினா நான் கையெழுத்துப் போடமாட்டேன்மா." விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

மாடிப்படி ஓரமாக, சுவரைப் பார்த்து நின்றிருந்தார். அவள் பின்னாலேயே போனாள்.

"என்னங்க, அது சும்மா ஒரு காகிதம்."

"காகிதமா? ஆறு வருஷம் அவன் பேசினான். அர்த்தம் இல்லைன்னு நாமளே எழுதிக் கொடுக்கிறதா? அவன் என்ன சொல்றான்னு உனக்குத் தெரியாதா?"

அவள் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டாள். இதுவரை யாரிடமும் சொல்லாதது வந்துவிட்டது.

"தெரியாதுங்க. பாதி நேரம் குத்துமதிப்புதான். கடைசி நாள், நீங்க மருந்து வாங்கப் போயிருந்தீங்க. திரும்பத் திரும்ப அதையே சொன்னான். தண்ணி கொடுத்தேன், தள்ளிவிட்டான். போர்வையை எடுத்தேன். மடியில போட்டுக்கிட்டேன். எதுவும் இல்லை. என் முகத்தையே பார்த்துச் சொல்லிக்கிட்டே இருந்தான். என்னதான் கேட்டான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை."

கணவர் திரும்பினார். பிறகு அவள் தோளைத் தொட்டு, "ஏன் என்கிட்ட சொல்லலை?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பாரத்தை அவள் தனியாகச் சுமக்க வேண்டாம் என்பதுபோல், அவளைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப்போய், ஏஜென்ட் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். அவளும் போட்டாள்.

விண்ணப்பம் டிரேட்மார்க் அலுவலகத்தின் இதழில் வெளியானது. அந்தப் பெயரில் உரிமை உள்ளவர் யாராவது இருந்தால் நான்கு மாதத்துக்குள் வந்து சொல்லலாம் என்று விதி. ஏஜென்ட் வாரம் ஒருமுறை போனில் கூப்பிட்டு, "யாரும் வரலைக்கா" என்று சந்தோஷமாகச் சொல்வாள். தையல்காரி "சரிம்மா" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்ப்பாள்.

நான்கு மாதமும் கழிந்தது. கடைத்தெருக்காரன்கூட வாயைத் திறக்கவில்லை. சான்றிதழ் கைக்கு வந்தது. "இனிமே இந்தச் சொல்லு உங்களுக்கு மட்டும்தான்க்கா" என்றாள் ஏஜென்ட் போனில்.

தையல்காரி போனை வைத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். மிதிக்க மறந்து, அப்படியே இருந்தாள்.