மடித்து வைக்கிற செருப்பு

பிரஸ்ஸில் கட்டிங் பேப்பர் எடை போடுகிற தராசில் லிங்கராஜ் ஒரு ஜோடி செருப்பை வைத்தபோது முதலாளி அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். மூன்று வாரமாக இந்தக் கூத்து அவருக்குப் பழகியிருந்தது. துண்டு, சோப்பு, பல்பொடி, பஞ்சர் ஒட்டுகிற சாமான் என்று நாங்கள் கொண்டுபோகிற ஒவ்வொன்றும் அந்தத் தட்டில் ஏறி இறங்கியிருந்தது.

இரண்டாயிரத்து இரண்டு, மே மாதம். கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கிற பிரஸ்ஸில் நானும் லிங்கராஜும் மூன்று வருஷமாக ஒன்றாக வேலை பார்த்தோம். மெஷினைக் கழற்றிப் பழுது பார்க்க ஆறு நாள் லீவு என்றதும், சைக்கிளிலேயே கன்னியாகுமரி போய் வருவதென்று முடிவு செய்தோம். மே மாத வெயிலில் எந்தக் கிறுக்கனாவது சைக்கிள் மிதிப்பானா என்று கேட்காத ஆள் இல்லை. கேட்கக் கேட்க எங்களுக்கு வீம்பு கூடியது.

மிதிக்கும்போது போட கான்வாஸ் ஷூ இருந்தது. சைக்கிளை விட்டு இறங்கிய பிறகு எதைப் போடுவது என்பதில்தான் சண்டை. நாள் முழுக்க ஷூவுக்குள் வெந்த காலைச் சாயங்காலமாவது காற்றாட விட வேண்டும். தோல் செருப்பு கனம். ஹவாய் செருப்பு கனமில்லை, ஆனால் பையில் பாதியை அதுவே பிடித்துக்கொள்ளும். நான் ஒரு பிளாஸ்டிக் சாண்டல் வாங்கி வந்தேன். லிங்கராஜ் அதன் வாரையும் பக்கிளையும் பார்த்துவிட்டு வேண்டவே வேண்டாம் என்றான். குனிந்து மல்லுக்கட்டக் கூடாதாம், நின்றவாக்கில் கழல வேண்டுமாம், மடித்துப் பையில் போட்டால் இருக்கிற இடம் தெரியக் கூடாதாம். இவனுக்கு இவ்வளவு விவரமா என்று நான் அசந்துபோனேன்.

கடைசியில் தூத்துக்குடி போன இடத்தில் அவனே தேடிப் பிடித்து வாங்கி வந்தான். மேலே துணி, அடியில் அட்டை கனத்துக்கு ரப்பர். இரண்டாக மடித்தால் சோப்பு டப்பா அளவு. ஜோடி நூற்றெண்பது கிராம். அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அளவு கச்சிதமாக இருந்தது. நான் கழற்றிப் போட்டிருந்த ஷூவைப் பார்த்து எனக்குத் தெரியாமல் அளவெடுத்திருந்தானாம். என் காலைப் பற்றி இவ்வளவு யோசித்த மனிதன் வேறு யாரும் இல்லை. அதை வீட்டில் போய்ப் பெருமையாகச் சொன்னேன்.

முதல் நாள் மதியம் அவன் வீட்டில் சாப்பாடு என்றான். மூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் கூப்பிட்டான். பசுவந்தனைப் பக்கம் ஊர். பெயர் வேண்டாம். எனக்கும் தெரிந்த ஊர்தான். என் பெரியம்மா சங்கரம்மாளை அங்கே கீழத்தெருவில் கட்டிக்கொடுத்திருந்தது. பள்ளிக்கூட லீவுக்குப் போவேன். மேலத்தெருவைத் தாண்டித்தான் பஸ்ஸுக்கு வர வேண்டும். தெருமுனை வந்ததும் பெரியப்பா செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சைக்கிளை உருட்டுவார். நாங்களும் பின்னால் வெறுங்காலோடு போவோம். லிங்கராஜ் வீடு அந்த மேலத்தெருவில். இதெல்லாம் எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் அது நடந்து பதினைந்து வருஷம் ஆயிற்று. அதோடு, கூப்பிடுகிறவன் லிங்கராஜ். எனக்கு அது போதுமாக இருந்தது.

காலை ஒன்பது மணிக்கு மேல்தான் கிளம்பினோம். இருபுறமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. ஒரு டீக்கடையில் நிறுத்தி, கால் வெந்துபோகும், ஷூவை மாற்றிக்கொள் என்றான். இருவருமே மாற்றிக்கொண்டோம். நல்ல சுகமாக இருந்தது. அங்கிருந்து அவன் ஊர் கிளைரோட்டில் திரும்பினோம். மேலத்தெரு முனைக்கு வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கினான்.

"வெயிலு," என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. "அதக் கழட்டிப் பையில போட்டுக்கோ. நானும் கழட்டுதேன். உருட்டிக்கிட்டே போயிருவோம், நாலு வீடுதான். யாருக்கும் வித்தியாசமாத் தெரியாது."

அவன் சொல்லி முடிக்குமுன் என் கால் செருப்பிலிருந்து வெளியே வந்திருந்தது. நின்றவாக்கில் கழன்றது. மடித்துக் கையில் எடுத்த பிறகுதான் புத்தியில் உறைத்தது. வார் கூடாது, பக்கிள் கூடாது, பையில் தெரியக் கூடாது. தராசு முன்னால் என்னோடு சிரித்துக்கொண்டே மூன்று வாரமும் இவன் இந்தத் தெருமுனையைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அப்போது பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு பெண் வந்தாள். பெரியம்மாவின் பக்கத்து வீட்டுப் பெருமாயி. என்னை அடையாளம் கண்டு நின்றாள்.

"சங்கரம்மாக்கா தங்கச்சி மவந்தான நீ? என்னலே செருப்பக் கையில வச்சிக்கிட்டு நிக்க? அதெல்லாம் நின்னு அஞ்சாறு வருசம் ஆச்சே."

நான் ஏதோ உளறினேன். அவள் வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டு, செருப்புச் சத்தம் கேட்க மேலத்தெருவுக்குள் நடந்து போனாள். தெருவில் யாரும் அவளை எதுவும் சொல்லவில்லை.

"அது நின்னு போனது ஒனக்குத் தெரியுமாலே?" என்றேன்.

"தெருவுல ஒண்ணுமில்ல. அப்பா வாசல்ல இருப்பாவ," என்றான். "ஒன்னய ஒரு சொல்லு சொல்லிரக் கூடாதுன்னுதான், யோசிச்சு யோசிச்சு வாங்குனேன்."

அவன் அப்பா முகத்துக்கு நேரே ஏசியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அவருக்கு நான் யார்? இவன் என் தட்டில் சாப்பிட்டவன். ஊர் விட்டுவிட்டதை இவன் எடுத்து, என் காலளவுக்குத் தேடி, காசு கொடுத்து வாங்கியிருக்கிறான். அதற்கு நான் நன்றி வேறு சொல்லியிருக்கிறேன். மூன்று வருஷமும் என்னை ஏமாற்றிவிட்டான் என்றுதான் தோன்றியது.

அந்தத் தெருமுனையிலேயே உட்கார்ந்தேன். பையிலிருந்து கான்வாஸ் ஷூவை எடுத்து மாட்டி, ஒவ்வொரு ஓட்டையாகக் கயிற்றைக் கோத்து இறுக்கினேன். லிங்கராஜ் இரண்டு தடவை என் பெயரைச் சொன்னான். நான் சைக்கிளில் ஏறி மிதித்தேன்.

நாலாவது வீட்டு வாசலில் அவர் நாற்காலியில் இருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, ஷூவைப் பார்த்தார். சீட்டை விட்டு இறங்காமல் ஒரு காலை ஊன்றி நின்றேன். பயமாக இருந்தது. உள்ளேயிருந்து சொம்புத் தண்ணீரோடு லிங்கராஜின் அம்மா வந்தாள். என்னிடம் நீட்ட வந்தவள் எனக்குப் பின்னால் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏலே, இந்த வெயில்ல எதுக்கு வெறுங்காலோட வார?"

அப்பாவும் திரும்பி மகனைப் பார்த்தார். லிங்கராஜ் இரண்டு கையாலும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, சூடு பொறுக்காமல் ஒரு பாதத்தைத் தூக்கி மறு பாதத்தின் மேல் வைத்தபடி தெருவில் நின்றான்.