பலகையில் ஏறிய பஸ்

அந்த நாய்க்கு உடம்பு நீளம், கால் குட்டை. அதனால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் அதற்கு வைத்த பேர் பஸ். அன்று காலை சோபாவிலிருந்து குதித்த பஸ், எழுந்திருக்கவில்லை. முன்னங்கால்கள் மட்டும் நடந்தன. பின்பாதி ஈரத்துணி மாதிரி தரையில் இழுபட்டு வந்தது.

மாஸ்டருக்குக் கை கால் ஓடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.

"டாக்டரம்மா, பஸ்ஸுக்குப் பின்பக்கம் வேலை செய்யலை!"

"மெக்கானிக்கைக் கூப்பிடுங்க சார். இது மிருக ஆஸ்பத்திரி."

"ஐயோ, பஸ்னா என் நாய்ம்மா!"

டாக்டரின் குரல் மாறியது. "முதுகை நீவி விடாதீங்க. நீங்க போடுற வலி மாத்திரையைக் குடுத்துடாதீங்க. தட்டையான பலகையில அசையாமப் படுக்க வச்சு, உடனே கொண்டு வாங்க."

பலகைக்கு எங்கே போவது? சுவரில் சாலைக் குறியீடுகள் வரைந்த பலகை தொங்கியது. அதைக் கழற்றி, பஸ்ஸை மெல்ல அதன்மேல் நகர்த்தினார். எட்டு மணி வகுப்புக்கு வந்திருந்த தையல்கடைக்காரம்மா தன் துப்பட்டாவை எடுத்துக் குறுக்கே கட்டினார். "ரெண்டு விரல் லூஸ் விட்டிருக்கேன் சார். மூச்சு முட்டாது."

டிரைவிங் ஸ்கூல் காரின் பின்சீட்டில் பலகையை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டிப்போட்ட கோபமோ என்னவோ, அந்தம்மா கிட்டே போனாலே பஸ் உறுமியது. ஆக, மாஸ்டர்தான் பின்னால். ஓட்டுவது, டெஸ்ட்டில் மூன்று முறை கோட்டைவிட்ட தையல்கடைக்காரம்மா.

"சார், உங்க பக்கத்து பிரேக்கை யாரு மிதிப்பா?"

"யாரும் இல்ல. இன்னிக்கு எல்லாமே நீங்கதான் தாயே."

வண்டி சிக்னலில் இரண்டு முறை ஆஃப் ஆனது. வழக்கமாக வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கும் மாஸ்டர், இன்று பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆனால் வேகத்தடை வந்தபோது, தூங்கும் பிள்ளையைத் தாண்டுவதுபோல ஏறி இறங்கினார் அந்தம்மா. பலகை அசையவே இல்லை.

"பின்னாடி ஒரே ஹார்ன் சார்."

"அடிக்கட்டும். கை வலிச்சா நிறுத்துவாங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டர் பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்தினார். பஸ் வெடுக்கென்று திரும்பி அவர் கையைக் கவ்வப் பார்த்தது.

"கோபம் வருதா? ரொம்ப நல்லது. வலி தெரியுதுன்னு அர்த்தம். முதுகெலும்புல ஒரு டிஸ்க் விலகி நரம்பை அழுத்துது. சீக்கிரமா, குலுக்காமக் கொண்டு வந்தீங்க. மருந்து தரேன். ஆறு வாரம் கூண்டுதான். குதிக்க விடவே கூடாது."

கடிக்க வந்த நாயைப் பார்த்து மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அதன்பின் அவர் கூண்டுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டுப் பாடம் நடத்தினார். மூன்றாம் வாரம் வால் ஆடியது. ஆறாம் வாரம் கூண்டைத் திறந்ததும் பஸ் எழுந்து, நாலடி வைத்து, இடப்பக்கம் சாய்ந்து, விழுந்த இடத்திலேயே தூங்கிப்போனது. மாஸ்டர் பாடத்தை நிறுத்திவிட்டு, வகுப்பிலிருந்த ஆறு பேரையும் சத்தம் வராமல் கைதட்டச் சொன்னார்.