டாக்டரம்மா வீட்டுச் சாப்பாடு

ஊரில் ஒரு கடை பாக்கியில்லாமல் மூக்கை நுழைத்துப் பார்த்தவர் டாக்டரம்மா. நகரத்தின் சுகாதார அதிகாரி. தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பார், சமையல்காரர்களின் நகத்தைத் திருப்பிப் பார்ப்பார். அதற்காக அவர் வாங்காத திட்டு இல்லை. அவர் ஊர் ஊராக முகாமுக்கு அலைந்த காலத்தில், கணவர் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகளையும் அடுப்பையும் பார்த்துக்கொண்டார். இப்போது பிள்ளைகள் வெளியூரில். அடுப்புதான் மிச்சம். மனுஷன் சும்மா இருப்பாரா? மதியமானால் அலுவலகத்துக்கே சாப்பாட்டுப் பை வந்துவிடும். மனைவிக்கு மட்டும் அனுப்ப அவருக்குக் கை வராது. எல்லோருக்குமாக ஒரு பெரிய டப்பா நிறைய நறுக்கிய பழமும் சேர்ந்து வரும்.

அந்தச் சுகாதார அலுவலகத்திலேயே டைபாய்டு வந்ததுதான் கூத்து. முதலில் டிரைவர் படுத்தார், பிறகு இரண்டு நர்ஸுகள். மூவரும் எதிர்த்த டீக்கடையே கதி என்று கிடப்பவர்கள். டாக்டரம்மா கடையைப் பூட்டி சீல் வைத்தார். டீக்கடைக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அதற்குள் ஊர் அவருக்குக் ‘காய்ச்சல்காரன்’ என்று பட்டம் கட்டிவிட்டது.

ஆனால் கடைத் தண்ணீரிலும் கிருமி இல்லை, கடைக்காரரிடமும் இல்லை. அப்போது அலுவலகக் கணக்கர் படுத்தார். வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத ஆசாமி. என்ன சாப்பிட்டீர்கள் என்று ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டதற்கு, “உங்க வீட்டுப் பழம்தான் மேடம், வேற என்ன?” என்றார்.

தள்ளுவண்டி, தண்ணீர் லாரி என்று ஒன்று விடாமல் விசாரித்தவர்கள், தங்கள் மேஜைக்கே வந்த பையை விசாரிக்கவில்லை. டாக்டரம்மா வீட்டுச் சாப்பாட்டை யார் சந்தேகப்படுவார்கள்? அவரே படவில்லையே.

கணவருக்கு இளவயதில் டைபாய்டு வந்து போயிருந்தது. காய்ச்சல்தான் போனது, கிருமி உள்ளேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. பரிசோதனை முடிவு வந்த அன்று டாக்டரம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். மருந்து இருக்கிறது, சரியாகிவிடும், அதுவரை அடுப்படிப் பக்கம் வரக் கூடாது. எத்தனையோ பேரிடம் அசராமல் சொன்ன வார்த்தைகள்தான். அன்று ஒவ்வொன்றாகத்தான் வெளியே வந்தன.

கணவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உனக்கு ஏன் ஒண்ணும் ஆகல?”

“நான் தடுப்பூசி போட்டிருக்கேங்க.”

“நல்லவேளை” என்றார். பிறகு, “எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியலன்னு சொல்லிடேன். இந்த வயசுல எனக்கு இந்தப் பேரு வேணாம்மா.”

டாக்டரம்மாவுக்குப் பாவமாக இருந்தது. இந்த மனுஷன் இல்லாவிட்டால் தனக்கு ஏது இந்த நாற்காலி?

“அந்தப் பேரை இப்ப டீக்கடைக்காரர் சுமந்துக்கிட்டிருக்காரே” என்றார்.

கணவர் எழுந்து உள்ளே போனார். இரவு சாப்பிடவில்லை. அன்று சமைத்தது டாக்டரம்மா என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மறுநாள் காலை கடைக்கு வைத்த சீலை உடைக்க டாக்டரம்மா கிளம்பினார். உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது என்று மனதுக்குள் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே தெருவில் திரும்பினார். கடை வாசலில் கூட்டம். நடுவில் அவர் கணவர்.

“கடை சுத்தம். காய்ச்சல் என் கையாலதான் வந்துச்சு” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா பூட்டின் சீலை உடைத்தார். டீக்கடைக்காரர் அடுப்பைப் பற்றவைத்து, முதல் டீயைக் கணவரிடம் நீட்டினார். கணவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“வேணாங்க. மத்தவங்க குடிக்கிற டம்ளர்.”

“கழுவிக்கிறேன், குடிங்க சார். எப்படிக் கழுவணும்னு மேடம் எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க.”

கணவர் வாங்கிக் குடித்தார். டாக்டரம்மா நடுத்தெரு என்றும் பார்க்காமல் அழுதார்.