இரண்டு பார்வை, ஒரு கை

எங்கள் சபையின் பாடகர் குழுவை நடத்தும் கனகதாஸ் சாருக்குத் தாளம் வலது கையில், பெருமை இடது கையில். வலது கை ஒழுங்காக ஏறி இறங்கும். இடது கை மாவு பிசையும், கொக்கு விரட்டும், மின்விசிறி வரை போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும்.

போன வருடம் அமரவிளையில் சபைகளுக்கிடையே பாட்டுப்போட்டி. இரண்டு வாரம் இருக்கும்போது என் அக்கா மகள் லிஜாவைச் சார் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். குற்றம், அவள் அவர் கையைப் பார்ப்பதில்லை.

பார்க்க மாட்டாள்தான். லிஜாவுக்கு இருபத்தாறு வயது, உதியன்குளங்கரையில் ஜெராக்ஸ் கடையில் வேலை, ஆட்டிசம் உண்டு. ஆட்கள் நடப்பதும் கையாட்டுவதும் அவள் கண்ணை இழுக்காது. சத்தத்தோடு சேர்ந்து மினுங்குகிற எதுவும் இழுக்கும். குழுவில் ஜெனில் என்ற பையன் வாசிக்கும் கீபோர்டில் தாளத்துக்குத் தாளம் மினுங்கும் சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. ஏழு வருடமாக அதைப் பார்த்துத்தான் பாடுகிறாள். நீக்கிய நாள் முதல் வீட்டில் வாய் திறந்து ஒரு வரி பாடவில்லை என்றாள் அக்கா.

அவள் இல்லாத முதல் ஒத்திகையில் குட்டு வெளிப்பட்டது. பெண்கள் முன்னே ஓட, ஆண்கள் பின்னால் தேடிக்கொண்டு வந்தோம். எங்களில் யாருமே சாரைப் பார்த்ததில்லை! கண் புத்தகத்தில், காது லிஜாவின் குரலில். பார்க்காதவள் ஒருத்தி என்று சார் நினைத்திருந்தார், பார்த்தவர் ஒருவருமில்லை.

பாறசாலையில் பாத்திரக்கடை வைத்திருப்பவன் நான், பேரம் பேசிப் பழகிய வாய். லிஜாவை அழைத்துக்கொண்டு சார் வீட்டுக்குப் போனேன்.

"பாட்டு முழுக்க என்னைப் பாக்கணும். ஜட்ஜுமாரு அதுக்கும் மார்க்கு போடுவினும்," என்றார் சார்.

"முழுக்கன்னா கட்டாது சார். பாட்டுக்கு ஒரு தடவை."

"ஒண்ணா! நான் என்ன, சொவருல தொங்குத காலண்டரா?"

"காலண்டரை ரெண்டு தடவை பாப்பம். சரி, ரெண்டு."

"சரணத்துக்கு ரெண்டா?"

"பாட்டுக்கு."

அதுவரை மேசை விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்த லிஜா பேசினாள். "தொடக்கத்துல ஒண்ணு, ஆமென்ல ஒண்ணு. ஆனா மாமா, சாருக்க இடது கை வேண்டாம்."

சாருக்கு முகம் வெளிறிவிட்டது. "அதுக்கு என்ன மக்கா கொறை?"

"பாட்டு போன பொறவுதான் அது வருது."

சாரின் மனைவி ராஜபாய் அவசரமாக அடுக்களைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். "முப்பது வருஷமா நானும் இதையாக்கும் சொல்லுதேன்!"

"பாக்கெட்டுக்குள்ள வச்சுக்கிடுதேன், போருமா?" என்றார் சார்.

போட்டி மேடையில், சொன்னபடி லிஜா முதலில் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு விளக்குக்குப் போய்விட்டாள். சாரின் இடது கை பாக்கெட்டுக்குள் கட்டெறும்பு கடித்ததுபோல் துடித்தது. அது எப்போது வெளியே வரும் என்று மற்ற நாங்கள் எல்லோரும் வாழ்க்கையில் முதன்முறையாகக் கண்ணெடுக்காமல் அவரையே பார்த்தோம். ஜட்ஜுகள் மெச்சித் தலையாட்டினார்கள்.

ஆமென் வந்தது. லிஜா நிமிர்ந்து சாரைப் பார்த்தாள். மனிதர் பூரித்துப்போனார், இடது கை குபீரென்று வெளியே வந்து உயர்ந்தது. லிஜா அந்தக் கணமே விளக்குக்குத் திரும்பி, முடிக்க வேண்டிய இடத்தில் முடித்தாள். அவளோடு நாங்களும் முடித்தோம். சாரின் கை மட்டும் கொஞ்ச நேரம் தனியாக மேலே நின்றது.

மூன்றாம் பரிசு. மேடையை விட்டு இறங்கும்போது சார் லிஜாவின் பக்கத்தில் வந்து, "மக்கா, கை அறியாம வந்துபோச்சு," என்றார்.

"பாத்தேன்," என்றாள் அவள்.

"கேட்டியாலே, பாத்தாளாம்!" என்று என் விலாவில் இடித்தார். அங்கேயே நின்று கிறிஸ்மஸ் பாட்டுக்கான பட்டியலை எடுத்து முதல் பெயராக அவளை எழுதினார். பிறகு என் காதில், "அடுத்த தடவைக்கு மூணு பார்வை கேட்டுப் பாரு," என்றார்.

லிஜாவுக்குக் கேட்டுவிட்டது. "மூணுன்னா வலது கையும் பாக்கெட்டுக்குள்ள வைக்கணும்," என்றாள்.

சார் யோசிக்கத் தொடங்கிவிட்டார்.